பியூஸ் கட்டை என் பையில் இருந்தது

இது கதை இல்லை. நடந்தது. எனக்கு நடந்தது.

பொய் சொல்கிறவன் ஏதாவது ஆதாயத்துக்காகச் சொல்வான். இதைச் சொன்னதால் எனக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? கூடப்பிறந்த ஒரே தங்கை என்னோடு பேசி எட்டு மாதம் ஆகிறது. தெருமுனையில் என்னைப் பார்த்தால் போதும், கதவைச் சாத்திக்கொள்கிறாள். இப்படி ஒரு வினையை விலைக்கு வாங்க நான் என்ன மடையனா?

நான் எலக்ட்ரிசியன். லைசென்ஸ் வாங்கி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. தொழிலில் எனக்கு 'டெஸ்டர்' என்றுதான் பெயர். தூங்கும்போதுகூட டெஸ்டரைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வேன் என்று கேலி செய்வார்கள். எரிந்தால் கரண்ட் உண்டு, எரியாவிட்டால் இல்லை. அதற்கு மேல் உலகத்தில் நம்புவதற்கு ஒன்றும் இல்லை என்று இருந்தவன். யாராவது பேய் பிசாசு என்று ஆரம்பித்தால், "எத்தனை வோல்ட்டுங்க?" என்று கேட்டு வாயை அடைப்பேன்.

இப்போது கேட்பதில்லை.

பேய் என்றால் நடு ஜாமத்தில் வரும் என்கிறார்களே, அதுவும் சும்மா. எனக்கு நடந்தது சாயங்காலம் ஏழேகாலுக்கு. பக்கத்து வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. வேலைக்குப் போகிற இடத்தில் நேரம் குறித்து வைப்பது என் வழக்கம். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு நிமிஷமும் அதில் இருக்கிறது.

முதலில் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தங்கையைக் கட்டியவன். அவனைச் சொல்ல வேறு வார்த்தைகளும் வாயில் வருகின்றன, வேண்டாம். வயரிங் வேலை எடுத்துச் செய்கிறவன். கை சுத்தமான வேலைக்காரன். ஆனால் லைசென்ஸ் கிடையாது. அவன் செய்வான், நான் போய்த் தொட்டுத் தடவிப் பார்ப்பேன், சரியாக இருந்தால் சான்றிதழில் கையெழுத்துப் போடுவேன். பன்னிரண்டு வருஷம் இப்படித்தான் ஓடியது. என் கையெழுத்து இருந்தால் அந்த வீட்டில் பயமில்லை என்று நாலு பேர் சொல்வார்கள். எனக்கு இருக்கிற ஒரே சொத்து அந்தப் பேச்சுதான்.

எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. ஒருவன் கரண்ட் கம்பியில் கை வைக்க வேண்டுமென்றால், மற்றவன் போர்டிலிருந்து பியூஸ் கட்டையை உருவ வேண்டும். "எடுத்தாச்சா?" என்று இவன் கேட்பான். "எடுத்தாச்சு!" என்று அவன் சொல்வான். சொன்னால் போதாது. அந்தப் பீங்கான் கட்டையைக் கொண்டுவந்து இவன் கையில் கொடுக்க வேண்டும். இவன் அதைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிய பிறகுதான் வேலை. கட்டை பையில் இருக்கும்வரை எவனும் தவறிப்போய்க்கூடக் கரண்ட் கொடுக்க முடியாது. அவன் உயிரை நான் பையில் வைத்திருந்திருக்கிறேன், என் உயிரை அவன் கையிலிருந்து வாங்கியிருக்கிறேன், எத்தனையோ தடவை.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை போன் செய்தான். ஒரு வீட்டு நீச்சல் குளம். பம்பு, விளக்கு, வயரிங் எல்லாம் முடிந்தது. வீடு கொஞ்ச காலமாகக் காலி. மறுநாள் காலையில் புதுக் குடும்பம் குடி வருகிறது. வீட்டுக்காரர் சான்றிதழ் கேட்கிறார்.

"எல்லாம் நான் பாத்துட்டேன் மச்சான். கையெழுத்து மட்டும் போட்டுக் குடு. அவ்வளவு தூரம் எதுக்கு அலையுற?"

"பாக்காம போட்டா அது கையெழுத்து இல்லடா, கிறுக்கல்."

அவன் சிரிக்கவில்லை. வழக்கமாகச் சிரிப்பான்.

மாலை 6.10. அந்த வீட்டுக்கு நான் முதல் தடவையாகப் போகிறேன். புதுக் குடும்பத்தின் சாமான்கள் பாதி வந்துவிட்டிருந்தன. வராந்தாவில் அட்டைப் பெட்டிகள். பெட்டிகளின் மேல் பிள்ளைகள் இடுப்பில் மாட்டிக்கொண்டு நீந்துகிற வளையம் இரண்டு. ஒன்று சிவப்பு. இன்னொன்றுக்கு வாத்துத் தலை. இப்போதே காற்றடித்துத் தயாராக வைத்திருந்தார்கள். விடிந்தால் அந்த வளையங்களோடு இரண்டு பிள்ளைகள் தண்ணீரில் குதிக்கும். நான் கையெழுத்துப் போட்டால் குதிக்கும். அந்த நினைப்பு மனதில் ஓரமாக உட்கார்ந்துகொண்டது.

நீச்சல் குளத்து வேலை மற்ற வேலை மாதிரி இல்லை. தண்ணீரும் கரண்டும் மாமியார் மருமகள் மாதிரி. நடுவில் சுவர் இருக்கும்வரைதான் நிம்மதி. தண்ணீருக்குள் இருக்கிற விளக்குக்கு வீட்டுக் கரண்டை நேரடியாகக் கொடுக்கக் கூடாது. டிரான்ஸ்பார்மர் வைத்துப் பன்னிரண்டு வோல்ட்டாகக் குறைக்க வேண்டும். பம்புக்கும் விளக்குக்கும் ட்ரிப் சுவிட்ச் வேண்டும். துளி கரண்ட் வழி தவறினாலும் கண்ணிமைப்பதற்குள் அது விழ வேண்டும். ஏணி, கைப்பிடி, பம்பின் உடம்பு என்று இரும்பு எங்கெல்லாம் இருக்கிறதோ, அத்தனையையும் ஒரே செம்புக் கம்பியால் கட்டி எர்த்தில் இறக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அது குளம் இல்லை, கண்ணி.

"முதல்ல பம்பு ரூமுக்குப் போவோம்" என்றேன்.

"இருட்டுறதுக்குள்ள தண்ணிப் பக்கத்த முடிச்சிரு மச்சான். போர்டு எங்க ஓடிடப் போகுது?"

நியாயமாகத்தான் பட்டது. பம்பு ரூம் குளத்தின் மறுகோடியில், ஒரு சுவருக்குப் பின்னால் இருந்தது. அதன் வாசலிலேயே அவன் நின்றுகொண்டிருந்தான். நகரவே இல்லை. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குளத்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஏணிக்குப் பக்கத்தில், தண்ணீருக்கு அடியில், சுவரில் பதித்த விளக்கு. குனிந்து பார்த்தேன். கண்ணாடிக்கு உள்ளே நீர் கோத்திருந்தது. ரப்பர் வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். அதற்கு ஏணியில் இரண்டு படி தண்ணீருக்குள் இறங்க வேண்டும்.

"பியூஸ எடு" என்றேன்.

"சுவிட்ச அணைச்சா போதாதா?"

நிமிர்ந்து அவனைப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாளும் இப்படிக் கேட்டதில்லை. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவருக்குப் பின்னால் போனான்.

6.55. விளக்கு அணைந்தது.

"எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு மச்சான்!"

கொண்டுவந்து கையில் கொடுத்தான். வெள்ளைப் பீங்கான் கட்டை. சில்லென்று இருந்தது.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். முக்கால் மணி நேரமாக விளக்கு எரிந்திருக்கிறது. அந்தக் கட்டை கொஞ்சமாவது வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். என் விரலுக்கு அது தெரிந்தது, மனசு ஏற்கவில்லை. கொடுத்தவன் மாப்பிள்ளை ஆயிற்றே. அவனையா சந்தேகப்படுவேன்? பையில் போட்டுப் பொத்தானை மாட்டினேன்.

"புது வாஷர் வாங்கிட்டு வந்துடறேன் மச்சான். கடை சாத்திடுவான்" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

7.02. அவன் பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. தெருமுனைவரை கேட்டது. பிறகு இல்லை.

வீட்டில் நான் மட்டும்தான்.

செருப்பைக் கழற்றினேன். பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டினேன். வானத்தில் கடைசி வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. குளம் கருத்துக் கிடந்தது. காற்றே இல்லை. தண்ணீர் ஆடவில்லை.

7.09. பம்பு ரூமிலிருந்து ஒரு சத்தம்.

கிரீ...ச்.

போர்டுக் கதவு திறக்கிற சத்தம். துருப்பிடித்த கீல். இருபத்திரண்டு வருஷமாகக் கேட்கிற சத்தம், எனக்கா தெரியாது?

"மாப்ள? அதுக்குள்ள வந்துட்டியா?"

பைக் வந்த சத்தம் இல்லை. பூனையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தரை ஈரமாக இருந்தது. ஏணியின் கைப்பிடியை நோக்கிக் கை நீட்டினேன்.

அப்போது சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். மெல்லிய ஆண் குரல்.

"எடுக்கல."

கை அப்படியே நின்றது.

"யாருடா அது? விளையாடுறியா?"

"எடுக்கல அண்ணே..."

மாப்பிள்ளை என்னை ஒருநாளும் அண்ணே என்று கூப்பிட்டதில்லை. மச்சான் என்பான். இது அவன் குரலும் இல்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். கட்டை இருந்தது. பொத்தான் மாட்டியபடி இருந்தது.

என் பையில் இருக்கிறதை எடுக்கவில்லை என்கிறான்... யார் இவன்?

7.14.

குளத்து விளக்கு எரிந்தது.

பியூஸ் கட்டை என் பையில். விளக்கு தண்ணீருக்குள். எரிகிறது.



பச்சை வெளிச்சத்தில் குளத்தின் அடித்தரை தெரிந்தது. அதில் ஒரு நிழல். ஏணியின் நிழல். அந்த ஏணியைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆளின் நிழல். இரண்டு கையாலும் பிடித்திருந்தது. விடாமல் பிடித்திருந்தது.

ஏணியைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.

எப்படியோ டெஸ்டரை எடுத்தேன். நுனியை ஏணியில் வைத்தேன்.

எரிந்தது.

மங்கலாக இல்லை. பளிச்சென்று.

வீட்டுக் கரண்ட் அத்தனையும் அந்த ஏணியில் நின்றது. நான் பிடிக்க இருந்த ஏணி... ஒரு சாண் தூரம்...

அந்தக் குரல் மறுபடி வந்தது. இப்போது சுவருக்குப் பின்னால் இல்லை. என் காதுக்குப் பக்கத்தில்.

"ஏழு... நாலு... ஒண்ணு... ஆறு."

டெஸ்டரை ஏணியிலிருந்து எடுத்தேன்.

"உங்க நம்பர்தானே அண்ணே? ஏழு நாலு ஒண்ணு ஆறு... கையெழுத்தும் உங்களுதுதானே?"

என் லைசென்ஸ் நம்பர் 7419. அந்த நிலையில் எனக்கு அது ஏன் தோன்றியது என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனாலும் சொன்னேன்.

"ஒன்பது... கடைசி நம்பர் ஒன்பது. ஆறு இல்ல."

தண்ணீர் ஒரே ஒரு தடவை ஆடியது.



பிறகு கேட்டது. அழுகிற மாதிரி.

"அப்ப... நீங்க இல்லையா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அப்ப யாரு?"

விளக்கு அணைந்தது.

நான் ஓடவில்லை. தரையில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து சுவரில் முதுகைச் சாய்த்தேன். பக்கத்து வீட்டு டி.வி.யில் யாரோ கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்து டார்ச்சை எடுத்துக்கொண்டு பம்பு ரூமுக்குப் போனேன். பயத்தைவிட அந்தக் கேள்விதான் என்னை இழுத்துக்கொண்டு போனது.

உள்ளே யாரும் இல்லை. போர்டுக் கதவு மூடியிருந்தது. நாலு மூலையிலும் ஸ்குரூ முறுக்கியிருந்தது. ஸ்குரூக்களின் மேல் தூசி, தூசியின் மேல் சிலந்தி வலை. அறுபடாத வலை. அந்தக் கதவைப் பல மாதங்களாக யாரும் திறக்கவில்லை. அப்படியானால் 7.09-க்கு நான் கேட்ட சத்தம் எது? 6.55-க்கு மாப்பிள்ளை பியூஸ் கட்டையை எதிலிருந்து உருவினான்?

கதவின் வெளிப்புறம் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. சோதித்துப் பார்த்ததற்கான சான்றுச் சீட்டு. டார்ச்சைப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

என் பெயர். பதினான்கு மாதத்துக்கு முந்தைய தேதி. லைசென்ஸ் நம்பர் 7416.

கீழே என் கையெழுத்து. என்னுடையது மாதிரியே இருந்தது, ஆனால் நான் போட்டது இல்லை. பன்னிரண்டு வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவன் போட்டது. பாவி, நம்பரைத்தான் சரியாகப் பார்த்து வைக்கவில்லை.

ஸ்குரூக்களைக் கழற்றினேன். உள்ளே டிரான்ஸ்பார்மர் எரிந்து கருகிக் கிடந்தது. மெயினிலிருந்து ஒரு கறுப்பு வயர், ட்ரிப் சுவிட்சைத் தொடாமல், பியூஸைத் தொடாமல், நேராகக் குளத்து விளக்குக்குப் போனது. எர்த் கம்பியை எதிலும் மாட்டவில்லை. அந்த லைனில் உருவுவதற்குப் பியூஸே கிடையாது. சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டிவிட்டுத்தான் எனக்கு 'எடுத்தாச்சு' என்று குரல் கொடுத்திருக்கிறான். அந்தச் சுவிட்சும் தப்பான கம்பியில். அதை அணைத்தால் விளக்கு அணையும், கரண்ட் அணையாது. வாஷர் போன விளக்கு வழியாகத் தண்ணீருக்கும் ஏணிக்கும் வந்துகொண்டே இருக்கும். கையில் கொடுத்தது அவன் பையில் கிடந்த பழைய கட்டை.

சுவிட்சைப் பார்த்தேன். அணைத்தபடிதான் இருந்தது. அப்படியானால் 7.14-க்கு விளக்கு எப்படி எரிந்தது? இதைப் பல எலக்ட்ரிசியன்களிடம் கேட்டுவிட்டேன். ஒருவனும் பதில் சொல்லவில்லை.

7.38-க்கு மாப்பிள்ளை வந்தான். கையில் கடைப் பை. வாங்கித் திறந்து பார்த்தேன். வாஷர் இல்லை. ஒரு பாட்டில் தின்னர். ஒரு சுரண்டுகிற தகடு.

சீட்டைச் சுரண்ட. என்னைத் தண்ணீரில் இறக்கிவிட்டு, சீட்டைச் சுரண்டுவதற்குச் சாமான் வாங்கப் போயிருக்கிறான்!

"யாருடா இங்க செத்தது?" என்றேன்.

அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. யார் சொன்னார்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

"குளம் கழுவுற ஆளு மச்சான்... பதினோரு மாசம் ஆச்சு. இதயம் நின்னு போச்சுன்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு. ட்ரிப் சுவிட்ச் சும்மா சும்மா விழுதுன்னு வீட்டுக்காரர் கத்தினாரு. அதத் தாண்டி நேரா வயர் இழுத்துட்டேன். நீ சம்மதிக்க மாட்டேன்னுதான் கையெழுத்தையும் நானே..."

"நான் அந்த ஏணியப் பிடிச்சிருந்தா?"

"சுவிட்ச அணைச்சிருந்தேன்ல. ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன் மச்சான்."

நினைத்தானாம். கூட இருந்தே குழி பறித்தவன், அதில் நானே இறங்கும்போது ஒன்றும் ஆகாது என்று நினைத்தானாம். அவனை அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்க முடியவில்லை. என் தங்கை பிள்ளைகளைத் தூக்கிய கை, என் அம்மாவைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய கை, அதே கையால்தான் அந்தக் கட்டையைக் கொடுத்தான். எனக்கு அழுகைதான் வந்தது.

மெயினை அணைத்தேன். போர்டிலிருந்த மெயின் பியூஸ் மூன்றையும் நானே உருவி என் பையில் போட்டுக்கொண்டேன். சான்றிதழைக் கிழித்தேன். குடிவருகிறவர்களுக்கு போன் செய்து, குளத்துப் பக்கமே போகக் கூடாது என்று சொன்னேன். மாப்பிள்ளை என் காலைப் பிடித்தான். "உன் தங்கச்சியை நெனச்சுப் பாரு மச்சான். இது வெளிய தெரிஞ்சா நாங்க எல்லாரும் தெருவுலதான். செத்தவன் திரும்பியா வரப் போறான்?"

அந்தக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை.

இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: மூடியே வைத்துவிடலாம் என்றும் நினைத்தேன். தங்கை ஆயிற்றே. ஆனால் தூங்க முடியவில்லை. மூன்றாம் நாள், திங்கட்கிழமை சாயங்காலம், குளம் கழுவிய அந்த ஆளின் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்துப் போனேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியாது.

ஒரே அறை. அவர் மனைவி கதவைத் திறந்தார். எலக்ட்ரிசியன் என்று மட்டும் சொன்னேன். உட்காரச் சொன்னார்.

"அவருக்குக் கரண்ட்டுன்னா அவ்வளவு பயம்ங்க. வீட்ல பல்பு மாத்துறதுகூட நான்தான். அந்த வீட்ல மட்டும் பயமில்லம்பாரு. யாரோ பெரிய எலக்ட்ரிசியன் பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்காராம். தினம் தண்ணில இறங்கறதுக்கு முன்னாடி அந்தச் சீட்ட ஒரு தடவ வாய்விட்டுப் படிச்சிட்டுதான் இறங்குவாராம். வீட்ல வந்தும் சொல்லிக் காட்டுவாரு. எனக்கே மனப்பாடம்."

சொன்னார். சாமியிடம் வேண்டிக்கொள்கிற மாதிரி, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார்.

"ஏழு, நாலு, ஒண்ணு, ஆறு."

எத்தனை மணிக்கு இறந்தார் என்று கேட்டேன். சாயங்காலம் ஏழேகால் இருக்கும் என்றார். விளக்குப் போட்டுப் பார்த்துக் கழுவுகிற நேரம்.

"அந்தச் சீட்டுல இருக்கற பேரு என்னோடதும்மா" என்றேன். "ஆனா கையெழுத்து நான் போடல."

அந்த அம்மா அதிர்ந்துபோவார், என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"பதினோரு மாசமா ஒரு சத்தமும் இல்லீங்க. இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்துலேருந்துதான். அவர் இல்லையாம், அவர் இல்லையாம்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. அப்ப யாரு, அப்ப யாருன்னு என்னக் கேக்கறாரு. எனக்கென்னங்க தெரியும்?"

பிறகு அவர் எழுந்து, அறையின் மூலைப் பக்கம் திரும்பினார். அங்கே ஒரு நாற்காலி இருந்தது. காலி நாற்காலி. அதற்குக் கீழே தரை ஈரமாக இருந்தது.

"வந்திருக்காரு பாருங்க" என்று அந்த நாற்காலியிடம் சொன்னார். "இவரையே கேளுங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் தங்கையின் முகம் வந்தது.

என் மாப்பிள்ளையின் பெயரைச் சொன்னேன்.